வீட்டுலயே மாஷ் செட்டப் கட்டி ஆல்-கிரெயின் பீர் காய்ச்சறது: முழுமையான வழிகாட்டி

எக்ஸ்ட்ராக்ட் (கடைல ரெடியா கிடைக்கிற மால்ட் சாறு இல்லன்னா பொடி) வச்சு ரெண்டு மூணு பேட்ச் போட்டுட்டு அடுத்து ஆல்-கிரெயினுக்கு, அதாவது தானியத்துல இருந்தே காய்ச்சறதுக்கு, மாறலாம்னு இருக்கறவங்களுக்காக எழுதறேன். ஹாப்ஸ், ஈஸ்ட், புளிக்க வைக்கிறது எல்லாம் ஏற்கனவே தெரியும்னு எடுத்துக்கறேன். இங்க பேசப்போறது மாஷ் மட்டும் தான், அதாவது மால்ட்ட (முளைக்க வச்சு காய வச்ச பார்லி மாதிரி தானியம்) உடைச்சு சுடுதண்ணில ஊற வச்சு, அதுல இருக்க ஸ்டார்ச்ச மால்ட்டோட சொந்த என்சைம்களே சர்க்கரையா மாத்தி முடிக்கிற வரைக்கும் சூட்ட விடாம புடிச்சு வச்சு, அப்புறம் வோர்ட்ட, அதாவது அந்த இனிப்புத் தண்ணிய, தெளிவா வடிச்சு எடுக்கற வரைக்கும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க பக்கத்துல நின்னு பல தடவை பாத்துட்டேன், யாரும் ரெசிபில தடுமாறல, வரிசைல தான் தடுமாறறாங்க. மாஷ் பண்ற பாக்ஸ கட்டி முடிச்ச அன்னைக்கே தானியத்த கொட்டிடறாங்க, அப்புறம் வால்வு ஒழுகுது, சூடு நிக்கல, வடியவே மாட்டேங்குதுன்னு எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்குது. அதனால இதுல 4-வது பகுதிய மட்டும் தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க.

இன்னொன்னு, வீட்டுல பீர் காய்ச்ச எல்லா இடத்துலயும் சட்டம் அனுமதிக்கறது இல்ல. நீங்க இருக்க இடத்துல என்ன விதின்னு முதல்ல பாத்துட்டு ஆரம்பிங்க.

1. முன்கூட்டியே கையில இருக்க வேண்டியது

நல்ல தெர்மாமீட்டர் ஒண்ணு. மத்ததுல எதுல வேணா காசு மிச்சம் பண்ணுங்க, இதுல வேண்டாம். 2 டிகிரி தப்பா காட்டினாலே உங்க பீர் வேற பீர் ஆயிடும். நல்லா ஐஸ் போட்டு கலக்கின தண்ணில 0 காட்டுதான்னு பாருங்க, கொதிக்கிற தண்ணில 100 பக்கம் வருதான்னு பாருங்க. மலைப்பகுதில இருந்தா கொதிநிலை 100-க்கு கீழ தான் இருக்கும், அது தெர்மாமீட்டர் தப்பு இல்ல.

அப்புறம் ஹைட்ரோமீட்டர் (வோர்ட்ல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு அடர்த்திய வச்சு காட்டறது), 30 லிட்டராவது புடிக்கிற கொதிக்க வைக்கிற பாத்திரம், தண்ணி சூடு பண்ண இன்னொரு பாத்திரம், நீளமான கரண்டி, லிட்டர் கோடு போட்ட ஜக்கு, சூடு தாங்கற சிலிகான் ஹோஸ், ஒரு நோட்டு. கெட்டி ரப்பர் கையுறையும் வேணும், ஏன்னா வோர்ட் சர்க்கரைத் தண்ணி, தோல்ல பட்டா வெறும் சுடுதண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிக்கிட்டு சுடும்.

தண்ணி குழாய்த் தண்ணியா இருந்தா குளோரின் விஷயத்த முந்தின நாளே முடிச்சுடுங்க. குளோரின் கொதிக்க வச்சா போயிடும், குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) போட்ட தண்ணில அது அவ்வளவு லேசா போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை, காம்ப்டன் மாத்திரைன்னு கிடைக்கும், 35 லிட்டருக்கு அரை மாத்திரைய நுணுக்கி கலக்கினா சில நிமிஷத்துல ரெண்டுமே முடிஞ்சுது. இத விட்டா பீர்ல மருந்துக்கடை வாசனை வரும், அத அப்புறம் எந்த ஹாப்ஸாலயும் மறைக்க முடியாது.

2. எந்த செட்டப்புன்னு முடிவு பண்றது

பை முறை தான் ரொம்ப சுலபம். ஒரே பாத்திரம், உள்ள நெருக்கமான நெய்த வலைத்துணிப் பை, மொத்த தண்ணியும் அதுலயே, ஒரு மணி நேரம் கழிச்சு பைய தூக்கி வடிய விட்டா முடிஞ்சுது. ஒரே கவனம், பை பாத்திரத்து அடியில தொடாத மாதிரி ஒரு கம்பித் தட்டு போடுங்க, நடுவுல அடுப்ப பத்த வச்சா துணி ஓட்டையாகும், தானியம் அடிப்புடிக்கும். இன்னொன்னு, 4.5 கிலோ தானியம் நனைஞ்சப்புறம் 8 கிலோவுக்கு மேல கனக்கும், அதுவும் கொதிக்கிற சூட்டுல சொட்டிக்கிட்டே. மேல ஒரு கொக்கியும் கயிறும் கட்டி வச்சுட்டு ஆரம்பிங்க.

ரெண்டு பக்கெட் முறைல, ஒரு பக்கெட்டோட அடியில 3 மி.மீ. துளை சில நூறு போட்டு அத குழாய் வச்ச இன்னொரு பக்கெட்டுக்குள்ள இறக்கணும். செலவு கம்மி, வேலை செய்யும், ஆனா சூடு சீக்கிரம் இறங்கும், சுத்தி கம்பளி சுத்தியே ஆகணும். பக்கெட் அடியில முக்கோணத்துக்குள்ள 2 இல்லன்னா 5 போட்டிருக்கான்னு பாருங்க, உணவுக்குன்னு வித்த பக்கெட்டாவும் இருக்கணும், பெயின்ட் வந்த பக்கெட்ட எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

மூணாவது ஐஸ் வச்சு எடுத்துட்டுப் போற கூலர் பாக்ஸ். சூட்ட புடிச்சு வைக்கிறதுக்குன்னே சுவருக்குள்ள ஃபோம் இருக்கறதால அடுப்பே இல்லாம ஒரு மணி நேரம் தாங்கும். சோதனை பண்ணி பண்ணி கத்துக்கணும்னு இருக்கவங்களுக்கு என் சிபாரிசு இது தான், ஏன்னா சூடு அசையாம நிக்கும்போது தான் நீங்க மாத்தின வேற விஷயத்தோட விளைவு தெரியும். கீழ இருக்க படிகள கூலர வச்சே சொல்றேன், மத்த ரெண்டுக்கும் பெரும்பாலும் அதே தான்.

3. கூலர கட்டறது

20 லிட்டர் பீருக்கு 30 லிட்டர் கூலர் சரியா இருக்கும். ஏற்கனவே தண்ணி வெளிய போற துளை இருந்தா அதுலயே வால்வ மாட்டுங்க. வரிசை இப்படி: உள்பக்கம் சிலிகான் வாஷர், நடுவுல நிப்பிள் (மரை போட்ட சின்னக் குழாய்த் துண்டு), வெளிப்பக்கம் இன்னொரு வாஷர், அப்புறம் ஸ்டெயின்லெஸ் பால் வால்வு (உள்ள ஒரு உருண்டை திரும்பி திறக்கற வால்வு). நிப்பிள ரொம்ப முறுக்கி இறுக்காதீங்க, பாக்ஸோட பிளாஸ்டிக் மெல்லிசு, சுடுதண்ணி பட்டதும் இளகி வளைஞ்சு அங்கேயே ஒழுக ஆரம்பிக்கும்.

உள்ள வடிகட்டிக்கு சுலபமான வழி, வாஷ்பேசினுக்கு கீழ மாட்டற ஸ்டீல் வலை போட்ட ஹோஸ். ரெண்டு முனைய ரம்பத்தால அறுத்து எடுத்துட்டு, உள்ள இருக்க ரப்பர் டியூப உருவணும். நேரா இழுத்தா வராது, வலை இறுகிக்கும். ரெண்டு பக்கத்துல இருந்தும் வலைய நடுவுல தள்ளுங்க, சட்டைக் கைய மேல ஏத்தற மாதிரி, அப்ப வலை உப்பி தளரும், ஒரு முனைல ரப்பர குறடால புடிச்சு இழுத்தா வழுக்கிட்டு வந்துடும். அறுத்த முனைல கம்பி கையில குத்தும், பாத்து. ஒரு முனைய மூணு மடிப்பு மடிச்சு தட்டி கிளாம்ப் போடுங்க, இன்னொரு முனைய வால்வோட உள் நிப்பிள்ல மாட்டி கிளாம்ப் போடுங்க.

வாங்கும்போது ஒரு காந்தத்த வச்சுப் பாத்தா ஓரளவு தெரியும், காந்தம் கெட்டியா ஒட்டுச்சுன்னா அது நல்ல ஸ்டெயின்லெஸ் இல்ல. சிலது பாக்க ஸ்டீல் மாதிரியே இருக்கற பிளாஸ்டிக் இழை, அது சூட்டுல சப்பையாயிடும். என்னோட முதல் பேட்ச்ல வலை ரொம்ப மெல்லிசு, 4 கிலோ தானியம் மேல உக்காந்ததும் நசுங்கி ஒரு சொட்டு கூட வரல, ராத்திரி முழுக்க ஜக்குல மொண்டு துணில வடிகட்டினேன். அதுக்கப்புறம் வலைக்குள்ள ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பிய சுருளா சுத்தி நுழைச்சு விட்டேன், இன்னைக்கு வரைக்கும் நசுங்கல.

வலைக்குப் பதிலா செப்புக் குழாய்ல கீழ்ப்பக்கம் பாத்து கீறல் போட்டு சட்டம் மாதிரி கட்டற மனிஃபோல்டும் நல்லா வேலை செய்யும். பிவிசி குழாய மட்டும் போடாதீங்க, சுடுதண்ணிக்கு அது கிடையாது.

4. வெறும் தண்ணிய வச்சு மூணு டெஸ்ட்

இத தானியம் வாங்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க.

முதல்ல ஒழுகல். பச்சத்தண்ணி ஊத்தி ஒழுகலன்னு திருப்தி ஆகாதீங்க, 75 டிகிரி தண்ணி ஊத்தி அரை மணி நேரம் வச்சு கீழ காஞ்ச துணிய விரிச்சுப் பாருங்க. பச்சத்தண்ணில கெட்டியா நின்ன வாஷர் சுடுதண்ணில விட்டுக்கொடுக்கறத நிறைய பாத்திருக்கேன்.

அடுத்து சூடு. 75 டிகிரில 15 லிட்டர் ஊத்தி மூடுங்க. 10 நிமிஷத்துல எவ்வளவு இறங்குச்சுன்னு எழுதிக்கோங்க, அது பாக்ஸே குடிச்ச சூடு. அங்க இருந்து ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதோ அது வெளிய கசியற சூடு. 1, 2 டிகிரின்னா நல்ல பாக்ஸ். 4-க்கு மேல போனா பெரும்பாலும் மூடி தான் காரணம், நிறைய கூலர்கள்ல மூடி உள்ள வெறும் காத்து தான் இருக்கும், ஃபோம் இருக்காது. மூடி மேல மடிச்ச கம்பளி போடுங்க, தண்ணி மட்டத்துக்கு மேலயே அலுமினியம் ஃபாயில் ஒண்ண பரப்பி விடுங்க, போதும்.

மூணாவது அடியில தேங்கற தண்ணி. 10 லிட்டர் அளந்து ஊத்தி வால்வ திறந்து விடுங்க, வந்தது எவ்வளவுன்னு அளங்க. 9.5 வந்தா அரை லிட்டர் தேங்குது, இது ஒவ்வொரு பேட்ச்லயும் உங்களுக்கு நஷ்டம். 1 லிட்டருக்கு மேல தேங்கினா பாக்ஸுக்குப் பின்னாடி ஒரு கட்டைய வச்சு லேசா வால்வு பக்கம் சாய்ச்சு வைங்க.

இந்த நம்பர்கள நோட்டுல முதல் பக்கத்துல எழுதிடுங்க. கீழ வர்ற கணக்கு எல்லாத்துக்கும் இது தான் ஆதாரம், இன்னொருத்தரோட நம்பர் உங்க பாக்ஸுக்கு ஒத்து வராது.

5. தானியம் உடைக்கிறது

மால்ட் தோல் முழுசா இருக்கணும், உள்ள இருக்க வெள்ளைப் பருப்பு நாலஞ்சு துண்டா உடைஞ்சிருக்கணும். இது தான் குறி. தோல் தான் பாக்ஸுக்குள்ள வடிகட்டி, ஸ்டீல் வலை அந்தத் தோல தாங்கிப் புடிக்க மட்டும் தான். மிக்ஸில போட்டு அரைச்சா தோலும் மாவாயிடும், அப்புறம் அது பிசின் மாதிரி அடைச்சுக்கும். உருளை மில்லுன்னா இடைவெளி 1.0 மி.மீ. பக்கம் வச்சு ஆரம்பிங்க.

உடைச்சதுல ஒரு கைப்பிடி எடுத்து தட்டுல பரப்பிப் பாருங்க. முழு தானியம் ஆங்காங்க கண்ணுல பட்டா இடைவெளிய கொஞ்சம் குறைக்கணும், தட்டுல வெள்ளையா மாவு படிஞ்சா கூட்டணும். பை முறைக்கு இன்னும் நைசா உடைக்கலாம், அங்க வடிகட்டறது துணி.

6. தண்ணி கணக்கு

கணக்கு போடாம அடுப்ப பத்த வைக்காதீங்க. ஒரு உதாரணம் முழுசா போட்டுக் காட்டறேன், 4.5 கிலோ பேல் மால்ட் (வெளிர் மால்ட்), புளிக்க வைக்க 20 லிட்டர் வேணும்.

மாஷ் தண்ணி கிலோவுக்கு 3 லிட்டர், ஆக 13.5. தானியம் கிலோவுக்கு கிட்டத்தட்ட 1 லிட்டர் குடிச்சுக்கும், 4.5 போச்சு. அடியில தேங்கறது 0.5. முதல் வடிப்பு 8.5 லிட்டர் வரும். கொதிக்கும்போது ஆவியாப் போறது ஒரு மணி நேரத்துக்கு 3.5ன்னு வைங்க, இத உங்க பாத்திரத்துல அளந்து பாத்துக்கணும், அடியில கசண்டோட விடறது 1.5. ஆக கொதிக்க ஆரம்பிக்கும்போது 25 லிட்டர் வேணும், அப்ப ஸ்பார்ஜ் தண்ணி, அதாவது முதல் வடிப்புக்கு அப்புறம் தானியத்துல மிச்சம் இருக்க சர்க்கரைய கழுவி எடுக்க ஊத்தறது, 16.5. ரெண்டாவது தடவை தானியம் ஏற்கனவே குடிச்சாச்சு, அடியிலயும் ஏற்கனவே தேங்கியாச்சு, அதனால ஊத்தினது அப்படியே வந்துடும்.

அடுத்து ஊத்தற தண்ணியோட சூடு. தானியம் சூடு இல்லாம இருக்கு, அது சூட்ட இழுக்கும், அதனால வேண்டிய சூட்ட விட அதிகமா தண்ணி இருக்கணும். 0.41-ஐ 3-ஆல வகுங்க, அதாவது கிலோவுக்கு எத்தனை லிட்டரோ அந்த எண்ணால, அத தானியத்துக்கும் வேண்டிய சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்குங்க, வேண்டிய சூட்டோட கூட்டுங்க. தானியம் 25 டிகிரி, வேண்டியது 66ன்னா வித்தியாசம் 41, விடை 71.6, சுருக்கமா 72. இந்தக் கணக்குல பாக்ஸ் குடிக்கிற சூடு சேரல. அதுக்கு நல்ல சுடுதண்ணி 5 லிட்டர் ஊத்தி மூடி 15 நிமிஷம் வச்சு கொட்டிட்டு, அப்புறம் 72 டிகிரி தண்ணிய ஊத்தறது நல்லது.

7. தானியத்த தண்ணில சேர்க்கறது

பாக்ஸ காலியா இருக்கும்போதே மேசை மேல ஏத்தி வச்சுடுங்க, வால்வுக்கு கீழ பாத்திரம் வைக்க இடம் இருக்கணும். நிரப்பினதுக்கு அப்புறம் தூக்கற எண்ணமே வேண்டாம், 18 கிலோ சுடுதண்ணி ஒரு பக்கமா ஆடினா நிறுத்த முடியாது.

வால்வு மூடியிருக்கான்னு கையால தொட்டுப் பாத்துட்டு தண்ணிய ஊத்துங்க, சூட்ட அளங்க, சரியா வந்ததும் தானியத்த கொஞ்சம் கொஞ்சமா தூவி கலக்குங்க. மொத்தமா கொட்டினா கட்டி தட்டும். எலுமிச்சம்பழம் அளவு கட்டிய கரண்டில எடுத்து பாக்ஸ் சுவர்ல நசுக்கிப் பாருங்க, உள்ள காஞ்ச மாவு அப்படியே வெள்ளையா இருக்கும், ஒரு மணி நேரம் ஊறினாலும் அது காஞ்சே தான் இருக்கும், அந்த ஸ்டார்ச் உங்களுக்குக் கிடைக்காது. ரெண்டு மூணு நிமிஷம் விடாம அடி வரைக்கும் கலக்குங்க, அடியில இருக்க வலைய மட்டும் இடிக்காதீங்க.

கலக்கினதும் மூணு இடத்துல சூடு பாருங்க, நடுவுல, மூலைல, அடியில. மூணும் வேற வேறயா இருந்தா இன்னும் கலக்கணும்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்னா, இங்க வேலை செய்யறது ரெண்டு என்சைம். பீட்டா அமிலேஸ் 60-லருந்து 65 வரைக்கும் சுறுசுறுப்பா இருக்கும், ஈஸ்ட் முழுசா தின்னக்கூடிய சர்க்கரைய தரும், பீர் வறண்டு லேசா வரும். ஆல்ஃபா அமிலேஸ் 70 பக்கம் நல்லா ஓடும், ஈஸ்ட் தின்ன முடியாததும் நிறைய மிஞ்சும், பீர் கனமா வாய் நிறைய இருக்கும். 66, 67 ரெண்டுக்கும் நடுவுல.

66 வேணும்னு வச்சு 63-ல நின்னா ஒன்றரை லிட்டர் கொதிக்கிற தண்ணி ஊத்தி கலக்குங்க, நம்ம அளவுக்கு 3 டிகிரி ஏறும். ஸ்பார்ஜ் தண்ணில அந்த ஒன்றரை லிட்டர கழிச்சுடுங்க. 70-ல நின்னா உடனே பச்சத்தண்ணி ஒரு லிட்டர் ஊத்துங்க, இதுல யோசிச்சுக்கிட்டு நிக்க நேரம் இல்ல, அந்தச் சூட்டுல பீட்டா அமிலேஸ் சீக்கிரம் அழிஞ்சுடும், அழிஞ்சது திரும்ப வராது. கம்மியா நின்னா அவசரம் இல்ல, அதிகமா நின்னா அவசரம், இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

8. அந்த ஒரு மணி நேரம்

மூடிய மூடிட்டு விட்டுடுங்க. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாக்கறது தான் புதுசா பண்றவங்களோட பெரிய பழக்கம், ஒவ்வொரு தடவையும் சூடு போகும். நடுவுல ஒரே ஒரு தடவை திறந்து கலக்கி அளந்தா போதும்.

பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டற அளவு) பாக்க வசதி இருந்தா 10 நிமிஷம் ஆனதும் ஒரு ஸ்பூன் எடுத்து நல்லா ஆற வச்சு பாருங்க, 5.2-லருந்து 5.6 வரைக்கும் இருக்கணும். கடினமான காரத் தண்ணில வெறும் வெளிர் மால்ட் போட்டா மேல ஏறும், உணவுக்கான லாக்டிக் அமிலம் 1 மி.லி. விட்டு கலக்கி திரும்ப அளந்து அளந்து இறக்குங்க. கருப்பு மால்ட் சேர்த்தா தானாவே இறங்கும்.

முடிஞ்சுதான்னு தெரிய அயோடின் டெஸ்ட். வெள்ளைத் தட்டுல தோல் இல்லாத தெளிவான சொட்டு, அதுல ஒரு சொட்டு அயோடின். கருநீலம் ஆனா ஸ்டார்ச் இன்னும் மிச்சம், 15 நிமிஷம் கூட விடுங்க. நிறம் மாறாம பழுப்பாவே நின்னா முடிஞ்சுது. தோல் துண்டு கலந்திருந்தா எப்பவுமே கருக்கும், அத பாத்து பயந்துடாதீங்க. அந்த சாம்பிள கீழ கொட்டிடுங்க, திரும்ப பாக்ஸ்ல விடக்கூடாது.

இந்த நேரத்துல ஸ்பார்ஜ் தண்ணிய அடுப்புல ஏத்திடுங்க.

9. முதல் வடிப்பு

வால்வ கால்வாசி மட்டும் திறங்க. முதல்ல வர்றது கலங்கலா, தோலும் மாவும் மிதந்துக்கிட்டு வரும். அத ஜக்குல புடிச்சு, மேல ஒரு கரண்டிய குறுக்க வச்சு அது மேல மெதுவா திருப்பி ஊத்துங்க, நேரா ஊத்தினா தானியத்துல குழி விழும். ரெண்டு மூணு ஜக்கு இப்படி போனதும் துகள் நின்னுடும், நிறம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவால்ல, தோல் துண்டு வராம இருக்கணும், அது தான் முக்கியம். தோல் கொதிக்கிற பாத்திரத்துக்குப் போனா நாக்க இழுக்கற துவர்ப்பு வரும்.

அப்புறம் மெதுவா வால்வ கூட்டுங்க. ஆரம்பத்துலயே முழுசா திறந்தீங்கன்னா தானியம் மொத்தமும் கீழ உறிஞ்சப்பட்டு சிமென்ட் மாதிரி இறுகிடும், அடைப்பு வர்றதுக்கு பெரும்பாலும் இது தான் காரணம். அடைச்சுக்கிச்சுன்னா வால்வ மூடுங்க, நல்லா கலக்குங்க, 10 நிமிஷம் அசையாம விடுங்க, திரும்ப ஜக்குல இருந்து ஆரம்பிங்க. அதுக்கும் வரலன்னா ஹோஸ் வழியா கொஞ்சம் சுடுதண்ணிய பின்பக்கமா தள்ளினா வலை திறந்துக்கும். கோதுமை மால்ட்டோ ஓட்ஸோ நிறைய போடறப்ப தானிய எடைல 5 சதவீதம் நெல் உமிய கழுவி கலந்துடுங்க, கோதுமைக்கு தோல் கிடையாது, வடிகட்டிக்கு வழி இல்லாம போகும்.

10. ஸ்பார்ஜ்

16.5 லிட்டர ரெண்டா பிரிச்சு ஊத்தறது எனக்குப் புடிச்ச வழி. 8 லிட்டர ஊத்தி, நல்லா கலக்கி, 10 நிமிஷம் விட்டு, ஜக்குல திருப்பி, வடிச்சு, மறுபடியும் மிச்சத்த. ஒரே தடவை ஊத்தினாலும் ஓடும், ரெண்டு தடவைல கொஞ்சம் கூட சர்க்கரை கிடைக்கும்.

தானியம் 76 டிகிரியத் தாண்ட வேண்டாம். சூடும் ஏறி பிஹெச்சும் 6-க்கு மேல போச்சுன்னா தோல்ல இருக்க டேனின் கரைஞ்சு டீ கடுத்த மாதிரி துவர்க்கும்.

11. கொதிக்கிறதுக்கு முன்னாடி அளவு

பாத்திரத்துல 25 லிட்டர் சேர்ந்ததும் நல்லா கலக்கிட்டு சாம்பிள் எடுங்க. கலக்காம எடுத்தா அடியில கெட்டி, மேல தண்ணி, நம்பர் பொய் சொல்லும். ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்குன்னு செஞ்சது, சூடா அளந்தா கம்மியா காட்டும், நிறைய பேர் இங்க தான் மாஷ் கெட்டுப்போச்சுன்னு மனசு உடையறாங்க, ஆற வச்சு அளந்தா சரியாவே இருக்கும்.

பேல் மால்ட் ஒரு கிலோவ ஒரு லிட்டர்ல முழுசா எடுக்க முடிஞ்சா சுமார் 300 புள்ளி. புள்ளின்னா ஹைட்ரோமீட்டர்ல 1-க்கு அப்புறம் வர்ற மூணு இலக்கம், 1.040ன்னா 40 புள்ளி. நம்மள மாதிரி செட்டப்ல 75 சதவீதம் நல்ல கணக்கு. 4.5, 300, 0.75 பெருக்கினா 1012, அத 25-ஆல வகுத்தா 40, ஆக 1.040 காட்டணும். கொதிச்சு 21.5 லிட்டர் ஆகும்போது 1.047.

1.033 பக்கம் நின்னா 60 சதவீதம் தான் எடுத்திருக்கீங்க. முதல்ல சந்தேகப்பட வேண்டியது தானியம் உடைச்ச விதம், அடுத்து கட்டி, அதுக்கப்புறம் தான் பிஹெச். அன்னைக்கு சரி பண்ண, கூட கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு தண்ணிய வத்த வைங்க, அளவு குறையும், பீர் நல்லாவே வரும்.

12. அடுத்த பேட்ச்ல சோதனை

அதே ரெசிபிய மூணு தடவை போடுங்க, ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்துங்க. மில் இடைவெளியும் மாத்தி, சூடும் மாத்தி, வலைக்கு பதிலா மனிஃபோல்டும் போட்டா, வந்த மாற்றம் எதனாலன்னு தெரியவே தெரியாது. ஒரே மால்ட்ல 64-ல ஒண்ணு, 69-ல ஒண்ணுன்னு போட்டு, ஈஸ்ட் எங்க நிறுத்துதுன்னு ஹைட்ரோமீட்டர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, அப்புறம் சூட்டப் பத்தி யாரும் உங்களுக்கு விளக்கத் தேவை இருக்காது.

கடைசி வடிப்பு இறங்கின கையோட பாக்ஸ காலி பண்ணிடுங்க, சக்கை ஒரே ராத்திரில புளிச்சு நாறும். வலைய கழட்டி வெளிப்பக்கத்துல இருந்து உள்ள தண்ணி அடிங்க, வால்வ பாதி திறந்த நிலைல வச்சு கழுவுங்க, அப்ப தான் உருண்டைக்குப் பின்னாடி தங்கற வோர்ட் வெளிய வரும். மூடிய திறந்தே வச்சு காய விடுங்க.